விளக்குத் திருநாள் வரை

அப்பாவின் இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றாரே, நண்பர்களே! ஓராண்டு கடந்தும் எனக்குள் ஒரு வழக்கு முடியவில்லை. அதை உங்கள் முன் வைக்கிறேன்.

பவானியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. இளமையிலேயே தந்தையை இழந்தவர். தம்பிகளைப் படிக்க வைத்த பின்னரே அமெரிக்கா வந்தார். கலிபோர்னியாவின் பிளசன்டனில் குடியேறியது முதல் பக்கத்து வீட்டுச் சீனரான லின் ஆன்ட்டி எங்களுக்கு உறவானார். சீனப் புத்தாண்டு எங்கள் பண்டிகையும் ஆயிற்று. ‘நற்பேறு’ எனப் பொருள்படும் சீன எழுத்தைச் சிவப்புத் தாளில் தலைகீழாகக் கதவில் ஒட்டுவார் அப்பா. சீன மொழியில் ‘தலைகீழ்’ என்பதற்கும் ‘வந்துவிட்டது’ என்பதற்கும் ஒரே ஒலி. புத்தாண்டு அன்று வீட்டைப் பெருக்கினால் அதிர்ஷ்டமும் வெளியேறிவிடும் என்ற வழக்கம் அவருக்கு உயிர். “இன்னிக்கு வேக்யூம் பண்ணக் கூடாது, லின் ஆன்ட்டி ரூல்!” என்று சோபாவில் சாய்ந்துகொள்வார்.

அந்நாள்களில் நோய், சாவு என்ற சொற்களை உச்சரிக்கலாகாது என்பதும் ஒரு வழக்கம். அதையே அப்பா எனக்கு எதிராகத் திருப்பினார்.

சென்ற ஆண்டு, புத்தாண்டு நெருங்கிய வேளையில், அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டதென மருத்துவர்கள் கூறினர். நான் டெக்சஸில், ரிச்சர்ட்சனில், பல்கலைக்கழக விவாதப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். புத்தாண்டுக் கொண்டாட்டத்தை நிறைவு செய்யும் முழுநிலவு நாளே விளக்குத் திருநாள். “அது முடியட்டும். அதுவரைக்கும் பாப்பாகிட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாது” என்றாராம் அப்பா. அம்மா அறிவார். பக்கத்து ஊரான சான் ரமோனில் இருக்கும் மாமா அறிவார். இதை வாசிக்கும் உங்களில் பலரும் அறிவீர்கள். அறியாதவள் நான் ஒருத்தியே!

புத்தாண்டு நாளில் அப்பா தொலைபேசியில் அழைத்தார். இறுதியில், “சரி கண்ணு, போயிட்டு வர்றேன்” என்றார்.

“ஃபோன்ல எங்கப்பா போறீங்க? வெச்சிடறேன்னு சொல்லுங்க!”

“டிபேட்டர் சொன்னா அப்பீலே இல்ல” என்று சிரித்தார்.

விளக்குத் திருநாளுக்கு முன்பே மாமா அழைத்தார். “அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல. உடனே ஃபிளைட் புடிச்சு வா.” நான் வந்து சேர்ந்தபோது அப்பா இல்லை.

“அவருதான் சொல்ல வேண்டாம்னுட்டாரு கண்ணு” என்று அம்மா அழுதார்.

லின் ஆன்ட்டி என்னைக் கட்டிக்கொண்டார். நீ போட்டியை விட்டு வர மறுத்தாய் என்றல்லவா நினைத்தேன் என்றார். பிறகு ஒன்று சொன்னார்: புத்தாண்டுக்கு முந்தைய இரவு, எத்தனை தொலைவிலிருந்தாலும் பிள்ளைகள் வீடு திரும்பிச் சேர்ந்து உண்ண வேண்டும், எல்லா வழக்கங்களுக்கும் முந்தையது அதுதான்.

அவையோரே, அந்த வழக்கத்தை ஏன் மறந்தீர்கள்? வாயை மூடும் வழக்கம் மட்டும் எப்படி நினைவிருந்தது?

அப்பாவைக் கனிவோடு கவனித்த செவிலியர்களுக்கும், இறுதிவரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்த லின் ஆன்ட்டிக்கும், மருத்துவமனைக்கு ஓயாமல் கார் ஓட்டிய மாமாவுக்கும் தலைவணங்கி நன்றி கூறுகிறேன். காத்த மௌனத்துக்கு மட்டும் நன்றி கூற இயலவில்லை, பொறுத்தருள்க.

விவாத மேடையில் எதிர்த்தரப்புக்கும் மறுமொழி கூற நேரம் தருவார்கள். எனக்கு அது தரப்படவில்லை. ஆகவே, அன்று தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியை இங்கே சொல்கிறேன்:

போயிட்டு வாங்கப்பா.