துரைசாணியின் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்

ஐரோப்பாவில் சண்டை மூள்வதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில், அம்பாசமுத்திரம் பக்கம் நடந்தது இது. அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காய்ச்சலில் கிடந்து எழுந்த ஜெர்மன்காரப் பெண்மணி ஒருவரை, உடம்பு தேறுவதற்காக ஆற்றோரத்து மிஷன் பங்களாவுக்கு அனுப்பினார்கள். துணைக்கு நான். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் வராது. ஆகவே நான்தான் ஜெர்மன் படிக்க வேண்டியதாயிற்று.

பாடமெல்லாம் ஆற்றங்கரையில்தான். டாக்டர் ஓய்வு சொல்லியிருந்ததால் பாடமும் ஓய்வைப் பற்றியே இருந்தது. மலையைக் காட்டி 'ஷோன்' என்பார். அழகு என்று அர்த்தம். மருதமரத்தடியில் உட்கார்ந்து 'ஷ்டில்' என்பார், அமைதி. கிளம்பலாமா என்று நான் எழுந்தால் 'கைனெ ஐலெ', அவசரமில்லை. நாமெல்லாம் ஆற்றுக்குப் போனால் குளிப்போம், துவைப்போம், கட்டுச்சோற்றைப் பிரிப்போம். இவரோ பாறைமேல் உட்கார்ந்து ஒன்றுமே செய்யமாட்டார். சும்மா இருப்பதற்கு இத்தனை வார்த்தைகளா என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆனாலும் சீக்கிரமே மளமளவென்று பேச வந்துவிட்டது. ஜெர்மன் தெரிந்துவிட்டது என்ற பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு மத்தியானம். அவர் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் நட்டாற்றுப் பாறையில் உட்கார்ந்திருந்தார். மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த எங்கள் வண்டிக்காரர் திடீரென்று அவற்றைக் கரைக்கு விரட்டிவிட்டு என்னிடம் ஓடிவந்தார்.

“வாத்தியாரம்மா, மலையில நல்ல மழ. தண்ணி கலங்கி வருது, பாத்தியளா? அந்தத் துரைசாணிய வெரசா கரையேறச் சொல்லுங்க!”

“நீங்க போயி இழுத்துட்டு வாங்க அண்ணாச்சி!”

“நானா? வெள்ளக்காரப் பொம்பளயத் தொட்டா என் தோல உரிச்சிருவானுவ!”

அவர் சொன்னதும் பொய்யில்லை. நான் தமிழில் கத்தினேன், ஆங்கிலத்தில் கத்தினேன். வெள்ளம் வரும் திசையில் கையை நீட்டிக் காட்டினேன். துரைசாணியோ மலையைத் திரும்பிப் பார்த்து, “யா, யா, ஷோன்!” என்று சிரித்தார். கையை வீசினேன்; அவரும் வீசினார். தண்ணீரில் இறங்கினால் பாசி வழுக்கியது, எனக்கோ நீச்சல் தெரியாது. சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தன. கண்முன்னால் ஓர் உயிர் போகப் போகிறது, அதைத் தடுக்க என் வாயில் ஒரு ஜெர்மன் சொல் இல்லை.

கரையில் அவருடைய இலைக்கட்டு இருந்தது. பறித்த இலைகளையும் பூக்களையும் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து அமுக்கிக் கட்டியிருப்பார். அதை ஒருவரும் தொடக்கூடாது. நான் அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினேன்.

பின்னால் ஒரு கூச்சல் கேட்டது. அவர் எனக்குச் சொல்லித்தராத வார்த்தைகள் எல்லாம் அதில் இருந்தன! பாறையிலிருந்து குதித்து, தொடையளவு தண்ணீரில் விழுந்து எழுந்து, முகம் சிவக்க என்னைத் துரத்திவந்து, கட்டைப் பிடுங்கினார். அப்போதுதான் வெள்ளத்தின் இரைச்சல் எழுந்தது. திரும்பிப் பார்த்தோம். பாறையைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு பெரிய மரம் உருண்டு போய்க்கொண்டிருந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விம்மி விம்மி அழுதேன்.

“களவாணித்தனமும் ஒரு நேரத்துக்கு ஒதவுது, பாத்தியளா வாத்தியாரம்மா!” என்றார் வண்டிக்காரர்.

மறுநாள் பங்களா வராந்தாவில் பாடம். எடுத்த எடுப்பில் 'லாவுஃப்' என்றார். ஓடு என்று அர்த்தம். அடுத்தது 'ஹில்ஃபெ', உதவி. இரண்டையும் தொண்டை கிழியக் கத்தச் சொன்னார், கத்தினேன். பிறகு சண்டை வந்து ஜெர்மன்காரர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை.

இன்றும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தொடங்கும்போது பூவுக்கும் நிலாவுக்கும் முன்னால் 'ஓடு', 'காப்பாற்று' என்பவற்றைத்தான் சொல்லித்தருகிறேன். இனிக்க இனிக்கப் பேச வந்துவிட்டால் ஒரு மொழி தெரிந்துவிட்டது என்ற என் நினைப்பை அந்த ஆறு அன்றைக்கே அடித்துக்கொண்டு போய்விட்டது.