பாதி விழுந்த பூட்டு

சுந்தர்சிங் துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றிப் பழைய துண்டில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தேர்தல் அறிவித்தாயிற்று, லைசென்ஸ் துப்பாக்கிகளைத் திருத்தணி காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். தேர்தல் முடிந்ததும் வாங்கிக்கொண்டு, கடைத்தெரு வங்கி வாசலில் மறுபடி காவல் நிற்கலாம். அவர் பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்த்தவர். அங்கே புழங்கிய பழைய ரைஃபிளைப் பார்த்து அதே மாதிரி செய்ததுதான் இந்தத் துப்பாக்கி. அக்கக்காகப் பிரித்து எண்ணெய் போடாமல் யாரிடமும் கொடுக்கமாட்டார்.

"கை இன்னாங்க இப்டி ஆடுது?" என்றாள் மனைவி தபிதாள், கஞ்சியை வைத்தபடி.

"குளிருது."

"பங்குனி வெயில்ல, திருத்தணியில? கம்பளி எடுத்தாரட்டா?"

"உன் வேலயப் பாருடி."

மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனித்து ஓய்ந்தவள் அவள். அந்த நடுக்கம் குளிரால் அல்ல, நரம்பு நோயால் என்று அவளுக்குத் தெரியும். வேலை போய்விடுமென்று அவர் மறைப்பதும் தெரியும்.

போல்ட்டுக்குள் ஓர் ஊசி உண்டு. விசையை இழுத்தால் அது பாய்ந்து தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும். சேஃப்டி என்கிற பூட்டைப் பின்னால் திருப்பினால், ஊசியின் வால் பிடிபட்டு நகராது. ஆனால் சேஃப்டியைத் திருகி மாட்டும்போது ஒரு புரி தப்பினால், பார்வைக்குப் பூட்டியதாகவே தெரியும். உள்ளே பாதிதான் பிடித்திருக்கும். சரியான புரியை விரல்தான் சொல்ல வேண்டும்.

மாட்டினார். தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, சேஃப்டியைப் போட்டு விசையை இழுத்தார்.

டிக்.

பிரித்து மாட்டினார். மறுபடியும் டிக்.

"இன்னா சத்தம்?"

"ஊசி வுயுது."

"சேஃப்டி போடலியா?"

"போட்டுத்தான் இருக்குது."

சுந்தர்சிங் துப்பாக்கியை மடியில் கிடத்தினார். ஆடிக் கிருத்திகைக்கு வரும் கூட்டம் வங்கி வாசல்வரை நெருக்கும். பிள்ளைகள் அவர் முழங்காலில் இடித்துக்கொண்டு போவார்கள். அப்போது துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கும். போன வருஷமும் இந்தக் கைதான் மாட்டியது. அப்போது சோதித்தாரா என்று யோசித்துப் பார்த்தார். நினைவு வரவில்லை. அலுப்பாக இருந்தது.

"கஞ்சி ஆறிப்போச்சி," என்றாள்.

"ஆறட்டும். ஒரு அட்டை எடுத்தா. நீயே எழுது. எனக்கு எழுத்து கோணும்."

மறுநாள் காலை ஆட்டோவில் காவல் நிலையம் போனார்கள். போல்ட்டைத் தனியாகக் கொடுத்தார். 'சேஃப்டி பிடிக்காது' என்ற அட்டை துப்பாக்கியில் தொங்கியது. திருப்பி வாங்க வரப்போவதில்லை என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்து நேராக வங்கிக்குப் போய்ச் சீருடையையும் கொடுத்துவிட்டு வந்தார்.