அட்டையில் வரவேண்டிய பெயர்

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் என் களஞ்சியத்துக்கு வந்தபோது கதவு பூட்டிக் கிடந்தது. ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை. வெளியே அரிசி லொறிக்காரன் கோர்ன் அடித்துக்கொண்டு நின்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. "மனுசன் இண்டைக்கெண்டு பார்த்து நித்திரையாகிப்போனார்" என்று முணுமுணுத்தபடி கதவைத் திறந்தேன். உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"அங்கிள், வதனி கதைக்கிறன். அப்பா மோசம் போயிட்டார். உங்களிட்ட வரத்தான் வெளிக்கிட்டவர். சப்பாத்துக் கயிறு கட்டக் குனிஞ்சவர், நிமிரேல்ல."

லொறிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டு அரிசி மூட்டை ஒன்றின்மேல் இருந்துவிட்டேன்.

ஐயாத்துரை அண்ணையை என் களஞ்சியக் காவலராகப் பார்த்தவர்கள் பலர். மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். காக்கி நிறச் சேர்ட், மினுக்கிய சப்பாத்து. அதற்கு மேல் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. நானே முதல் ஒரு வருடம் தெரியாமல்தான் இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மகள் வதனி அவரைக் கனடாவுக்கு எடுப்பித்தாள். வந்து மூன்றாம் மாதமே வேலை கேட்டு என்னிடம் வந்தார். அறுபது தாண்டிய மனுசன். மூட்டை தூக்கமாட்டார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. "என்ன வேலை தெரியும் அண்ணை?" என்றேன். "நேரத்துக்கு வருவன், தம்பி. நடந்ததை நடந்தபடி எழுதுவன்" என்றார். முதலாவதுக்காகத்தான் எடுத்தேன். இரண்டாவது எனக்குத் தேவைப்படும் என்று அப்போது நினைக்கவில்லை.

வந்த அன்றே என் பலசரக்குக் கடையில் கொப்பி ஒன்று கேட்டு வாங்கிக் கோடு போட்டார். ஒவ்வொரு நாளும் முதல் வரி ஒன்றுதான்: "06.50. கதவு திறந்தது." பிறகு எந்த லொறி, எத்தனை மணி, மழையா வெயிலா, யார் வந்தார், என்ன சொன்னார். ஒன்றும் நடக்காவிட்டால் "விசேடம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். மூட்டை தூக்கும் பொடியள் சிரிப்பார்கள். "அண்ணை, நான் தும்மினதையும் எழுதிப்போட்டியளோ?" என்று ஒருவன் கேட்டான். "ரெண்டு தரம் தும்மினனீர். ஒண்டுதான் எழுதினனான்" என்றார் அண்ணை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அடுத்த வருடம் பிறம்ரனில் இருக்கும் ஒரு லொறிக்காரரோடு எனக்குச் சண்டை வந்தது. பருப்பு மூட்டைகள் நனைந்துபோனது உங்கள் முற்றத்து மழையில்தான் என்று அவர் நின்றார். அண்ணை கொப்பியை விரித்தார். "09.20. லொறி உள்ளே. மூட்டைகள் ஈரம். 09.45. மழை தொடங்கியது." லொறிக்காரர் வாயை மூடிக்கொண்டு போனார்.

"உந்தப் பழக்கம் எங்க படிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

சுற்றுமுற்றும் பார்த்தார். "பட்டாளத்தில, தம்பி."

அந்த நாளில் ரொறன்ரோவில் நம்மவர்களுக்குள் அந்தச் சொல்லைச் சொல்வதென்றால் என்னவென்று இதை வாசிப்பவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இலங்கைப் பட்டாளத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்களின் ஊர் இது. அண்ணை இருந்ததோ அதற்கு வெகு காலம் முந்திய பட்டாளத்தில். வெள்ளைக்காரன் போன கையோடு, தமிழன், சிங்களவன், மலாய்க்காரன், பறங்கி எல்லாரும் ஒரே கூடாரத்தில் படுத்த காலம். பட்டாளத்தின் வடக்குப் பிரிவுக்கு 'வடபகுதிக் கட்டளை' என்று பெயர்; அதன் தலைமையகத்தில் அவர் எழுதுவினைஞர் சார்ஜன்ட்.

அந்தத் தலைமையகத்தின் கதையை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். வடகரைக்கு எதிரே இந்தியா. இடையில் ஆழமில்லாத கடல். இரவில் தோணிகள் வரும், போகும். அதைப் பார்க்கவென்று, பாழடைந்த ஒரு சுங்கக் கொட்டிலில் தொடங்கியதுதான் அந்தக் கட்டளை. முதல் தளபதி மேசையில் படுத்தாராம், தரையில் நண்டு ஓடியதால். தோணியில் வந்து பிடிபட்டவர்களை எல்லாரும் ஒரு இழிசொல்லால்தான் கூப்பிட்டார்கள். அண்ணை தன் எழுத்தில் ஒரு இடத்திலும் அதைப் போடவில்லை. "கடல் கடந்து வந்தோர்" என்றே எழுதினார். ஒருமுறை பிடிபட்ட தோணியில் ஒரு சவரத் தொழிலாளி இருந்தாராம். திருப்பி அனுப்பக் கடிதம் வரும்வரை பத்து நாள் அவர்தான் முகாம் முழுக்கத் தலை வெட்டினார். "போகேக்க தளபதியே கை குடுத்து அனுப்பினவர். அதையும் எழுதியிருக்கிறன்" என்பார்.

"பட்டாளம் எண்டால் சுடுறது எண்டு நினைக்கிறியள். தண்ணி கொண்டுவாற பவுசர் லொறிதான் பட்டாளம். பவுசர் எத்தினை மணிக்கு வந்தது எண்டு எழுதாதவன் சரித்திரம் எழுத ஏலாது" என்று அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

கட்டளையின் ஆண்டுவிழாவுக்கு அதன் வரலாற்றை எழுதும்படி தளபதி அவரிடம்தான் சொன்னார். நாலு வருடம். பழைய நாட்குறிப்புகளைத் தூசி தட்டி, மன்னார் தொடக்கம் பருத்தித்துறை வரை காவல் கூடாரம் கூடாரமாகச் சைக்கிளில் போய்க் கேட்டு, இங்கிலீசில் தானே தட்டச்சு செய்தார். புத்தகம் வந்தபோது அட்டையில் ஒரு மேஜரின் பெயர் இருந்தது. கடைசிப் பக்கத்தில், "தட்டச்சு உதவி: அலுவலக ஊழியர்கள்" என்று ஒரு வரி. மேஜரிடம் போய்க் கேட்டாராம். "எழுதுவது அதிகாரிகள். நீர் அடிப்பது" என்று பதில் வந்ததாம். அடுத்த வருடம் விலகிவிட்டார்.

கார்பன் பிரதியை மட்டும் விடவில்லை. எத்தனை இடப்பெயர்வு, எத்தனை சோதனைச் சாவடி. எந்தப் பக்கத்துக் கையில் அகப்பட்டிருந்தாலும் அவர் கதை முடிந்திருக்கும். "காணி உறுதியை விட்டிட்டு உதைத் தூக்கிக்கொண்டு வந்த மனுசன் இவர்" என்று வதனி என் முன்னாலேயே ஏசினாள். "காணியை ஆரும் தன்ர பேரில எழுதேல்லத்தானே" என்றார் அண்ணை.

என் களஞ்சியத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அதைத் தமிழில் திரும்ப எழுதினார். முடிந்த அன்று மல்வேர்னில் வதனி வீட்டு மேசையில் எழுதிய தாள்களைக் கட்டாக வைத்தார். நான் அதன்மேல் கை வைத்துச் சொன்னேன்: "நான் புத்தகமா அடிச்சுத் தாறன் அண்ணை." உள்ளதைச் சொல்ல வேண்டும். 'வெளியீடு' என்ற சொல்லுக்குக் கீழே என் கடைப் பெயரைப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. கோயில் கலண்டர் அடித்து அடித்துச் சலித்திருந்தேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, அட்டையில என்ர பேர் வரவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

கட்டு அச்சகத்துக்குப் போனது. செய்தி எப்படியோ வெளியே போனது. இயக்கத்துக்குக் காசு சேர்க்க வழமையாகக் கடைக்கு வரும் மூன்று பேர் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். மிரட்டவில்லை. குரல்கூட உயரவில்லை.

"அண்ணை, பட்டாளத்துச் சரித்திரம் அடிக்கிறியளாம். உது இப்ப தேவையோ?"

"அது பழைய கதை, தம்பியவை. நண்டும் பவுசரும்தான்."

"எங்களுக்கு விளங்குது. சனத்துக்கு விளங்கவேணுமே. நீங்கள் ரெண்டாவது கடையும் திறக்கப் போறியள்."

போகும்போது ஆளுக்கொரு பைக்கற் மிளகாய்த்தூள் வாங்கினார்கள். நான் வியாபாரி. பத்து நிமிடம் யோசித்தேன், முடிந்தது. அச்சகத்துக்குப் போன் எடுத்து நிற்பாட்டச் சொன்னேன். திங்கட்கிழமை அண்ணையிடம், "மெஷின் பழுதாம் அண்ணை" என்றேன். "சரி" என்றார். பிறகு கடதாசி வரவில்லை என்றேன். பிறகு அச்சகக்காரர் இந்தியாவுக்குக் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார் என்றேன். எல்லாவற்றுக்கும் "சரி."

அதற்குப் பிறகு மூன்று வருடம் என்னிடம் வேலை செய்தார். ஒருநாள்கூட அந்தக் கதையை எடுக்கவில்லை. ஒன்றுதான் மாறியது. அதுவரை என்னைத் "தம்பி" என்றவர் "முதலாளி" என்று கூப்பிடத் தொடங்கினார். இரண்டாவது கடை திறக்கிற ஆளுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

மரணச்சடங்கு மண்டபத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற வதனியிடம் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்தேன். அவள் அழவில்லை.

"அங்கிள், மெஷின் திருத்தியாச்சோ?" என்று கேட்டாள்.

அங்கே நிற்க முடியவில்லை. நேரே களஞ்சியத்துக்குப் போனேன். கொப்பிகள் எல்லாம் வாசலடி மேசையில் அடுக்கியபடி இருந்தன. அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. இத்தனை வருடமும் நான் கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அந்தத் திங்கட்கிழமையைத் தேடி எடுத்தேன். அவருடைய நேரான எழுத்து.

"06.50. கதவு திறந்தது. 10.15. தம்பி சொன்னார்: அச்சகத்தில் மெஷின் பழுது. 12.10. சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்துக்கு நடந்து போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. 13.00. திரும்பினேன். முதலாளி கடையில். விசேடம் இல்லை."

அந்த வரியில்தான் நான் தம்பியிலிருந்து முதலாளியானேன். அதற்குப் பிறகு ஒரு பக்கத்திலும் அந்தப் பழைய சொல் இல்லை. கடதாசிப் பொய்யும் கலியாணப் பொய்யும் நேரத்தோடு இருக்கின்றன.

ஐயாத்துரை அண்ணை, மேஜர் உங்களுக்குச் செய்தது துரோகம் என்று நான் உங்கள் முன்னால் கொதித்துப் பேசியிருக்கிறேன். அவர் முகத்துக்கு நேரே சொன்னார். நான் அதைக்கூடச் செய்யவில்லை. உங்களுக்கு இரண்டாம் முறை நடந்ததை நான் செய்தேன், உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே. நீங்களாவது ஒருநாள் என்னை ஏசியிருக்கலாம். தெரிந்துகொண்டு மூன்று வருடம் என் கதவைத் திறந்தீர்களே, அதை நான் எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை. எனக்கும் உங்கள்மேல் கோபம் இருக்கிறது.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடிக்கும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. தேவாரம், திருவாசகம், இறந்தவரின் படம், குடும்பத்தாரின் நன்றி. வீடு வீடாகப் போகும் புத்தகம் அது. அதை அடிக்காதே என்று சொல்ல ஆரும் கடைக்கு வரமாட்டார்கள். வதனியிடம் கேட்டேன். "அப்பா எழுதின மாதிரி, ஒரு சொல்லும் மாத்தாமல்" என்றாள். இப்போது உங்கள் கையில் இருப்பது அந்தக் கல்வெட்டு; இந்தத் தாள்கள் நான் பிறகு எழுதி உள்ளே வைத்தவை. திருமுறைகள் முடிந்து ஒன்பதாம் பக்கத்திலிருந்து கடைசி வரை வடபகுதிக் கட்டளையின் வரலாறு. நண்டும், பவுசரும், தலை வெட்டிய மனுசனும் அதில் இருக்கிறார்கள். 'வெளியீடு' என்ற இடத்தில் என் கடைப் பெயர் இல்லை.

இது துணிச்சல் என்று ஒருவரும் எண்ணவேண்டாம். செத்தவருக்குச் செய்வதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. அட்டையில் பெயர் வரவேணும் என்றீர்கள். வந்திருக்கிறது அண்ணை, பெரிய எழுத்தில், படத்தோடு. கல்வெட்டு அட்டையில் வேறு ஆருடைய பெயரைப் போடுவார்கள்?

இன்று காலை கதவை நான் திறந்தேன். உங்கள் கொப்பியில் அடுத்த வெறும் பக்கத்தை எடுத்து, உங்களைப்போலவே எழுதிப் பார்த்தேன். எழுத்து நேராக வரவில்லை.

"07.05. கதவு திறந்தது. பதினைந்து நிமிடம் தாமதம். 10.15. அச்சகத்திலிருந்து புத்தகங்கள் வந்தன. மெஷின் ஒருநாளும் பழுதாகவில்லை."

கையெழுத்து வைத்தேன். போய் வாருங்கள், அண்ணை.