பத்மாசினி ஓடத் தொடங்கிய வருடம்

அன்றைக்கு நாற்பத்தேழாவது மருந்துத் துண்டைக் கையில் எடுத்த பத்மாசினி, பழக்கத்தில் பெயரை உரக்கக் கூப்பிட்டுவிட்டாள்.

"பத்மாசினி கனகரத்தினம்."

ஒருவரும் யன்னலடிக்கு வரவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட வாயைத் திறந்தபோதுதான், காலையில் டொக்டர் தனக்குச் சீனி வருத்தத்துக்கு எழுதித்தந்த துண்டைத் தானே அந்த அடுக்குக்குள் வைத்தது நினைவுக்கு வந்தது. வரிசையில் முதலாவதாக நின்ற வயதான பெண் பின்னால் திரும்பித் தேடினாள்.

"ஆர் பிள்ளை அது? ஆளைக் காணேல்லை."

"ஆள் வந்திட்டுது அம்மா" என்று சொல்லிவிட்டு, அறுபது குளிசைகளை எண்ணி உறையில் போட்டுத் தன்னுடைய கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "காலமையும் இரவும், சாப்பிட்ட பிறகு" என்று வழக்கமாகச் சொல்வதை மட்டும் சொல்லவில்லை.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. வடமராட்சியில் ஓர் அரச வைத்தியசாலையில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடங்களாக இருக்கிறாள். ஊர் முழுவதற்கும் அவளைத் தெரியும். ஆனால் முகத்தையும் இரண்டு கைகளையும்தான் தெரியும். அவள் எழும்பி நின்றால் எவ்வளவு உயரம் என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியாது.

வீடு கோப்பாயில். கலியாணம் சரிவரவில்லை. தாய் படுக்கையில் விழுந்த பிறகு அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவும் இல்லை. பதினொரு வருடம் தாயைத் தூக்கிக் குளிக்கவார்த்து, ஊட்டி, பிறகு வேலைக்கு ஓடி வந்தாள். போன ஐப்பசியில் தாய் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகும் காலை நாலரைக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிடும். எழும்பிக் கட்டிலில் இருப்பாள். செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் வருமட்டும் அப்படியே இருப்பாள்.

"நடக்க வேணும் மிஸ். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் எண்டாலும்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். இதையே அவள் ஆயிரம் பேருக்கு யன்னலுக்குள்ளால் சொல்லியிருப்பாள்.

நடப்பதைப் பற்றி வினோஜாவிடம் கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். வினோஜா அதே வைத்தியசாலையில் கைகால் முடங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண். வல்வெட்டித்துறைக்காரி, இருபத்தெட்டு வயது. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி, "ஞாயிறு காலமை தொண்டைமானாத்துப் பாலத்தடிக்கு வாங்கோ அக்கா. நாங்கள் கொஞ்சப் பேர் கடற்கரை றோட்டாலை ஓடுறனாங்கள்" என்றாள்.

"ஓடுறதோ? எனக்கு என்ன வயசு எண்டு தெரியுமோ உமக்கு?"

"நடக்கிற ஆக்களும் இருக்கினம். நீங்கள் வாங்கோவன்."

அந்தச் சனிக்கிழமை பத்மாசினி பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சப்பாத்துக் கடைக்குள் நுழைந்தாள். விற்பனைப் பெண் இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு சோடி எடுத்து வைத்து, "மகளுக்கு என்ன அளவு அன்ரி?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான்" என்றாள் பத்மாசினி. சொன்ன பிறகு அவளுக்குக் காது சூடாகிவிட்டது. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு சோடியை, போட்டுக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தாள். நல்ல காலம், அளவாய் இருந்தது.

ஞாயிறு விடிய முன்னரே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி தாண்டிப் பாலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு இருபத்தைந்து முப்பது பேர் நின்றார்கள். பெடியன்கள், பெட்டைகள், தலை நரைத்தவர்கள், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர், வீட்டுச் சட்டைக்கு மேல் துவாய் போட்ட ஒரு பெண். சந்நிதி கோயில் மணி கேட்டது. பத்மாசினி ஸ்கூட்டியில் இருந்து இறங்கவில்லை. திறப்பைத் திருப்பித் திரும்பிப் போகலாம் என்று நினைத்த நேரத்தில் வினோஜா கண்டுவிட்டாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் குகதாசனுக்கு முன்னால் விட்டாள். இந்தக் கூட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். மீனுக்கு ஐஸ் கட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை, நாற்பத்தாறு வயது. ஏழு வருடத்துக்கு முன் அவர் தனியே ஓடத் தொடங்கினாராம். முதலில் தெரு நாய்கள் மட்டும் கூட ஓடின. பிறகு ஒரு வாத்தியார் சேர்ந்தார். பிறகு இரண்டு தாதிமார். பதிவு, உடுப்பு என்று ஒன்றும் கிடையாது. ஒரேயொரு வழக்கம் மட்டும் இருந்தது: கடைசி ஆள் வந்து சேருமட்டும் ஒருவரும் தேத்தண்ணி குடிக்கிறதில்லை.

"முந்தி எப்பவாவது ஓடியிருக்கிறியளோ அக்கா?" என்று குகதாசன் கேட்டார்.

பத்மாசினி யோசித்தாள். "தொண்ணூற்றைஞ்சு இடம்பெயர்விலை ஓடினது. அம்மாவைச் சைக்கிள் கரியரிலை வைச்சுத் தள்ளிக்கொண்டு, கைதடி மட்டும்."

அருகில் நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. குகதாசன் தலையை ஆட்டினார். "நான் எண்பத்தேழு சண்டையிலை. எனக்கு அப்ப ஒன்பது வயசு. அப்பான்ரை தோளிலை இருந்ததாலை நான் ஓடினது எண்டு சொல்லேலாது." குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு, "இண்டைக்கு ஒருத்தரும் துரத்தேல்லை அக்கா. ஆறுதலாய்ப் போவம்" என்றார்.

பாலத்தடியிலிருந்து கிழக்கே கடலை ஒட்டிப் போகிற வீதி. ஊரிக்காடு தாண்டி ஒரு மதகடியில் திரும்பி வந்தால் ஐந்து கிலோமீற்றர். இடது பக்கம் முருகைக்கல் கரை. அதற்கு அங்கால் கடல், துணி விரித்ததுபோல அசையாமல் கிடந்தது. தொழிலுக்குப் போன போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை உயர்த்திக் காட்டினார்கள். பத்மாசினி இருநூறு மீற்றர் ஓடினாள். பிறகு நெஞ்சு அடித்தது. நடந்தாள். கூட வந்த வினோஜாவும் நடந்தாள்.

"நீர் ஓடும் பிள்ளை. என்னாலை நீர் ஏன் மினக்கெடுறீர்?"

"எனக்கு முந்தநாள் கால் பிடிச்சது அக்கா" என்றாள் வினோஜா. அது பச்சைப் பொய் என்பது இருவருக்கும் தெரியும்.

திரும்பி வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டவாகிவிட்டது. பாலத்தடியில் முப்பது பேர் வெறும் கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அதைக் கண்டதும் பத்மாசினிக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

"எல்லாரையும் காக்க வைச்சிட்டன்."

"பரவாயில்லைப் பிள்ளை, தேத்தண்ணி கொதிக்கக் கொதிக்க இருந்தது. இப்பத்தான் குடிக்கிற பதத்துக்கு வந்திருக்கு" என்றார் சாரம் கட்டியவர். பெயர் சிவசுப்பிரமணியம், போட் இயந்திரம் திருத்துகிறவர், எழுபதைத் தொடுகிற வயது. அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "இந்தக் குரலை எங்கையோ கேட்டிருக்கிறன். ஒருக்கால் சொல்லும் பாப்பம், காலமையும் இரவும்…"

"சாப்பிட்ட பிறகு" என்று பத்மாசினி முடித்தாள்.

"அந்த யன்னல் பிள்ளை. இவ்வளவு நெட்டையெண்டு நான் நினைக்கேல்லை" என்றார் சிவசுப்பிரமணியம். அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தாய் போன பிறகு அதுதான் முதல் தரம் என்பதைத் திரும்பி வரும் வழியில், புத்தூரடியில் வைத்து உணர்ந்தாள்.

அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கு அடுத்ததும். எட்டு ஞாயிறு தவறாமல் போனாள். எட்டிலும் கடைசியாகத்தான் வந்தாள். அவளோடு வருகிறவர் மட்டும் கிழமைக்குக் கிழமை மாறினார். ஒருமுறை வீட்டுச் சட்டைக்காரி தங்கமுத்து வந்தாள். வழிநெடுக, கணவன் சீலாவை மட்டும்தான் மீன் என்று நினைக்கிற கதையைச் சொல்லிக்கொண்டு வந்ததில், எண்ணூறு மீற்றர் நிற்காமல் ஓடியது பத்மாசினிக்கே தெரியவில்லை.

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தம்பி அருட்செல்வன் அதே வளவுக்குள் மனைவி மதுராவோடு வேறு வீட்டில் இருந்தான். ஞாயிறு காலமை அக்கா சந்நிதிக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒன்பதாவது கிழமை, வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு மண்வெட்டியோடு வந்து வாசலில் நின்றான்.

"பக்கத்து வீட்டு நடராசா அண்ணை சந்நிதிக்குப் போகேக்கை உங்களைக் கண்டவராம். றோட்டாலை ஓடிக்கொண்டிருந்தனீங்களாம்."

"ஓம்."

"ஏனக்கா உந்த வேலை? அது எங்கடை பக்கமும் இல்லை. அந்தப் பக்கத்து ஆக்களோடை, பெடி பெட்டையளோடை, இந்த வயசிலை… ஆக்கள் என்ன கதைப்பினம்?"

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் போகவில்லை. வினோஜா கேட்டபோது தலையிடி என்றாள். நாலரைக்கு எழும்பி, கட்டிலில் இருந்து, சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கிழமை, கிளினிக் நாளான செவ்வாய்க்கிழமை, வரிசை வெளிவாசல் மட்டும் நின்றது. அவள் தலை நிமிராமல் கையை நீட்டி, "துண்டு" என்றாள். கைக்கு ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்தால், யன்னலுக்கு வெளியே குகதாசன்.

"துண்டு இல்லை அக்கா. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரெண்டு ஞாயிறு வரேல்லை, அதுதான் கேட்டுக்கொண்டு போக வந்தனான்."

"இதுக்காகவோ லைனிலை நிண்டனீங்கள்?"

"ஒரு மணித்தியாலம்" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை. "நாங்கள் ஏதும் பிழையாய்க் கதைச்சுப் போட்டமோ எண்டு எல்லாருக்கும் யோசினை."

"ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை. பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

"வருவியளோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. போறன்."

"பாப்பம்."

"பாப்பம் எண்டால் வரமாட்டியள்."

அவருக்குப் பின்னால் மருந்துப் பையோடு நின்ற பெண் பொறுமை இழந்துவிட்டாள். "என்ன ஏதெண்டு எனக்குத் தெரியாது. வாறன் எண்டு சொல்லன் பிள்ளை. எனக்குப் பதினொரு மணி பஸ்."

வரிசை முழுவதும் சிரித்தது. பத்மாசினி உறை ஒன்றை எடுத்து, ஒன்றும் போடாமலே திரும்ப வைத்தாள். "வாறன்" என்றாள்.

அன்று பின்னேரம் வேலையால் வந்து ஸ்கூட்டியை நிறுத்தியதும், கைப்பையைக்கூட உள்ளே வைக்காமல் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கதிரையில் இருந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஞாயிறு நான் ஓடப் போறன். உனக்குச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

அவன் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தான். மதுரா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"பதினொரு வருசம் வேலைக்குப் போறதைத் தவிர நான் இந்தக் கேற்றைத் தாண்டேல்லை. அப்பவும் ஆக்கள் இருந்தவை. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. நான் வெளியிலை வரேல்லையே எண்டுகூட ஒருத்தரும் கேக்கேல்லை." அவளுக்குக் குரல் உயரவில்லை. "இவை ரெண்டு கிழமை காணேல்லை எண்டவுடனை லைனிலை நிண்டு கேக்கினம்."

அருட்செல்வன் வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்கள் எங்கையாவது விழுந்து கிடந்தால் எனக்கு ஆர் சொல்லுவினம் எண்டுதான் முதல் யோசிச்சனான். மற்றக் கதையெல்லாம் பிறகு வாயிலை வந்தது. அம்மாவும் இல்லை. இனி எனக்கு நீங்கள்தானே" என்றான்.

அவனும் தாயை இழந்தவன் என்பதை இந்த ஒரு வருடத்தில் தான் நினைத்துப் பார்க்கவேயில்லை என்று பத்மாசினிக்குப் பட்டது. அவன் பக்கத்தில், படியில், இருந்தாள். மதுரா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குகதாசனின் தொலைபேசி இலக்கத்தைத் தம்பி தன்னுடைய போனில் பதிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு மழைக்காலத்து மூன்று ஞாயிறுகளைத் தவிர அவள் ஒன்றும் விடவில்லை. சீனி குறைந்தது. ஆனாலும் குளிசை நிற்கவில்லை. காலமை ஒன்று, இரவு ஒன்று என்பது காலமை மட்டும் என்றாகியது. தங்கமுத்து வீட்டுக் கலியாணத்துக்கு மதுராவையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே, கூழுக்கு எந்த மீன் நல்லது என்பதில் மதுராவும் தங்கமுத்துவும் ஒரு மணித்தியாலம் வாதாடினார்கள். கிளினிக் வரிசையில் நிற்கிற சலரோகக்காரர்களில் இரண்டு பேரை அவளே ஓட்டத்துக்குப் பிடித்துவிட்டாள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, கடலில் காற்றே இல்லை. மதகடியில் திரும்பும்போதுதான், இன்றைக்கு இன்னும் நடக்கவில்லையே என்பது அவளுக்குத் தெரிந்தது. நினைத்தால் நின்றுவிடுவேன் என்று பயந்து, மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டு வந்தாள். பாலத்தடிக்கு வந்து சேர்ந்தபோது ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை. ஒருவருக்குச் சப்பாத்து அடி கழன்றுவிட்டது. எல்லோரும் அதைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாய் நின்று, தொடைகள் நடுங்க, கடலைப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் தம்பி வீட்டில் சாப்பாடு. அவள் கத்தரிக்காய்க் கறியைப் பிசைந்தபடி, "இண்டைக்கு நிக்காமல் ஓடினனான்" என்றாள்.

"எவ்வளவு தூரம்?"

"அஞ்சு கிலோமீற்றர்."

அருட்செல்வன் சாப்பிடுவதை நிறுத்தி, மனதுக்குள் வழியை அளந்தான். "இஞ்சையிருந்து நீர்வேலிப் பக்கம் போய்த் திரும்பி வாற தூரமெல்லோ" என்றான். "ஒரு இடத்திலையும் இளைப்பாறேல்லையோ?"

"இல்லை."

அவன் மதுராவைப் பார்த்தான். மதுரா அகப்பையை எடுத்து, கேட்காமலே அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.