ஒரே தடவைக்கான பிலிம்

அண்ணனும் நண்பர்களும் எடுக்கும் சிரிப்புப் படத்துக்கு இன்று காலை ராயபுரம் கடற்கரையில் படப்பிடிப்பு. கதாநாயகன் கடலில் விழுந்து தத்தளிக்க வேண்டும். ஸ்டூடியோவில் கெஞ்சி வாங்கிய மிச்சப் பிலிம் ஒரே தடவைக்குத்தான் போதும்.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எங்கள் கதாநாயகன் அருமையாகத் தத்தளித்தார்.

அதுதான் வினை. வலை உலர்த்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் கடலில் குதித்துவிட்டார்கள். முதலில் குதித்தவர், படத்துக்குப் பணம் தர மாட்டேன் என்று போன வாரம் அண்ணனைத் திருப்பி அனுப்பிய படகுக்காரர். நாயகனை முடியைப் பிடித்து இழுத்து வந்து வயிற்றை அமுக்கினார்.

“இன்னா நைனா, ஒரு ஆளு முழுகிகினு கீறான், நீங்கோ மிஷினைச் சுத்திகினு கீறீங்களே?”

“அது நடிப்புங்க.” அண்ணன் அழுதுவிடுவான் போலிருந்தது.

“அப்போ நான் குதிச்சது?”

“அதுவும் பிலிம்ல விழுந்திருக்கு” என்றார் காமிராக்காரர்.

படகுக்காரர் ஈர வேட்டியைப் பிழிந்தபடி காமிராவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“மீதிப் படத்துக்கு நான் பணம் போடுறேன். ஆனா எல்லா சீன்லயும் நான் எவனையாச்சும் காப்பாத்தணும்.”

அண்ணன் உடனே தலையாட்டிவிட்டான். மீதிக் கதை முழுவதும் மாடி வீட்டுக்குள் நடக்கிறது. அங்கே ஒருவரை மூழ்கடிக்க வழி தெரிந்த தோழிகள், கைமாறி வரும் நம் கையெழுத்துப் பத்திரிகையின் இந்தப் பக்க ஓரத்திலேயே எழுதி அனுப்புங்கள்.