நான் என்ன பாவம் செஞ்சேன்?

1968-இல், எல்லையோர ஊரான மத்திகிரியில் இருந்தபோது, ஐந்து வயது மகள் மேரியை டைபாய்டு காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், “பாவம், குழந்தை” என்றார்கள். கன்னட நர்ஸம்மாவும் தன் மொழியில் அதையே சொன்னார்.

ஒரு மத்தியானம் மேரி என் கையைப் பிடித்தாள். “அப்பா, இயேசு சாமி சின்னப் பிள்ளையிலயும் பாவமே செய்யலைன்னு சொன்னீங்கல்ல? நான் என்ன பாவம் செஞ்சேன்? எல்லாரும் பாவம் பாவம்ங்கறாங்களே?”

“அது வேற பாவம், கண்ணு. இரக்கப்பட்டுச் சொல்றாங்க.”

“அவருக்கும் காய்ச்சல் வந்துச்சா?”

வேதத்தில் அது எழுதப்படவில்லை. “தெரியலம்மா” என்றேன்.

“வந்திருக்கும்ப்பா” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மேரி பிழைத்துக்கொண்டாள். ஆனால், பாவமே அறியாத பிள்ளை இயேசுவின் தலைமாட்டிலும் பெற்றவர்கள் இப்படித்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்களோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.