எண்ணூர்க் கழிமுகத்தில் கிறிஸ்துமஸ் மறுநாள்

கல்மண்டபத்தில் ரொட்டிக் கடை வைத்திருந்த ஹபீபுல்லாவின் மனைவி ஜீனத்துக்குத் தண்ணீர் என்றாலே குலை நடுங்கும். துறைமுகத்தில் சரக்குப் படகு தள்ளிய அவள் தகப்பனார் ஓர் ஐப்பசிக் காலையில் போனவர்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்போது அவளுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கமே அவள் தலைவைத்துப் படுத்ததில்லை.

டிசம்பர் வந்தால் ஆளே மாறிவிடுவாள். தெருவிலிருந்த கிறிஸ்தவர்கள் முட்டையும் மாவும், ரேஷனில் மிச்சம் பிடித்த சர்க்கரையுமாகக் கடைக்கு வந்து நிற்பார்கள். கேக் மாவை அடித்துக் குழைப்பது ஜீனத். தகரத் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளுவது ஹபீபுல்லா. எதிர்வீட்டுச் செல்லக்கனி டீச்சர், திருநெல்வேலிக்காரி, பக்கத்தில் உட்கார்ந்து திராட்சை ஆய்வாள். பாதி, ஜீனத்தின் ஏழு வயது மகள் மரியத்தின் வாய்க்குப் போகும்.

1951இல் கிறிஸ்துமஸ் மறுநாள் எண்ணூருக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டதும் டீச்சர்தான்.

"நா வர்ல டீச்சரம்மா. நீங்க போய்ட்டு வாங்க."

"ஆத்துல முழங்கால் தண்ணிதான் கெடக்கும். பிள்ளை ஆசைப்படுதால்லா?"

மகளை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது அதைவிட மோசமாகப் பட்டது. ஹபீபுல்லா, மரியம், டீச்சரோடு ஜீனத்தும் ரயிலேறினாள்.

முழங்கால் தண்ணீராக இல்லை. ஒரு மாத மழையில் கழிமுகம் பழுப்பாகப் பெருகிக் கிடந்தது. எத்திராஜ் என்ற மீனவர் நால்வரையும் தன் படகில் ஏற்றி, மூங்கில் கோலால் ஊன்றித் தள்ளினார். நடு ஆற்றில் கோல் சேற்றில் மாட்டிக்கொண்டது. அவர் பலமாக இழுக்க, இரண்டாக ஒடிந்தது.

படகு தானாகத் திரும்பி நகர ஆரம்பித்தது. தூரத்தில், ஆறு கடலில் விழும் இடத்தில், அலைகள் வெள்ளையாகப் புரண்டன.

"இன்னா எத்திராஜு, எங்க போவுது?" என்றார் ஹபீபுல்லா.

"வத்தம் இழுக்குது நைனா. கடலு தண்ணிய உள்ள வாங்கிக்குது. யாரும் எழுந்திரிக்காதீங்க."

அதுவரை சிரித்துச் சிரித்துப் பேசிய மனிதரின் குரல் வறண்டுபோயிருந்தது. ஜீனத்தைத் தண்ணீரைவிட அதுதான் அதிகம் பயமுறுத்தியது. மரியத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"அதோ வல கட்டுற கம்பு நட்டுக் கீது. புடிங்க! வுட்டா கடல்தான்!" என்று கத்தினார் எத்திராஜ்.

முதல் கம்பு ஹபீபுல்லாவின் விரல்களில் வழுக்கிப் போனது. அடுத்தது ஜீனத்தின் பக்கம் வந்தது. என்ன செய்தோம் என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு கைகளாலும் அதைக் கட்டிக்கொண்டிருந்தாள். கம்பில் ஒட்டியிருந்த சிப்பிகள் உள்ளங்கையைக் கிழித்தன. படகு அவளைத் தோளோடு பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. "யா அல்லா" என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை. எத்திராஜ் தவழ்ந்து வந்து கயிற்றைக் கட்டும்வரை அவள் விடவில்லை.

"தண்ணி திரும்புற வரிக்கும் இப்பிடியே கெடக்கணும்" என்றார் அவர்.

இரண்டு மணி நேரம். கம்பு கிரீச்சிடும்போதெல்லாம் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். டீச்சர் ஜெபத்தை முணுமுணுத்தபடி அழுதாள்.

"என்னாலதான் ஜீனத்து..."

"சும்மா இருங்க டீச்சரம்மா. புள்ள பாக்குது."

பிள்ளைக்கோ பசி. டீச்சர் கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து கேக்கைப் பிட்டுக் கொடுத்தாள். ஜீனத்தும் ஒரு துண்டை மென்றாள். தித்தித்ததா என்று தெரியவில்லை.

ஒருவழியாகத் தண்ணீர் அடங்கி, மெல்ல உள்பக்கம் திரும்பியது. வலை வீசி முடித்து வந்த ஒரு படகு அவர்களைக் கட்டி இழுத்துப் போனது. கரையேறியதும் ஜீனத் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கைகள் ஆற ஒரு மாதமாயிற்று. அடுத்த டிசம்பரில் எண்ணூர் என்ற பேச்சையே டீச்சர் எடுக்கவில்லை. எடுத்தவள் ஜீனத்.

"போலாம். படகு மட்டும் வேணாம்."

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் போனார்கள். ஜீனத் கரையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேக் நறுக்கிக் கொடுப்பாள். மரியம் முழங்காலுக்கு மேல் இறங்கிவிட்டால், கத்தியைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றுவிடுவாள்.